கேஷானிக்கு அனுப்பிய ரயில்கள்

என் தங்கச்சி சவப்பெட்டியில் வரப்போகிறாள், அவள் புருஷன் ரயிலைப் படம் பிடித்துக்கொண்டிருந்தான். கொழும்பு மருதானைப் பாலத்தில் அன்றைக்குச் சாயந்தரம் எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தப் போனைப் பிடுங்கித் தண்டவாளத்தில் வீசியிருப்பேன். பக்கத்தில் இக்ராம் நின்றான். அடுத்தவன் முன்னால் எதற்கு என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டேன்.

நாங்கள் மூன்று பேரும் விடிகாலையிலேயே கரவனெல்லவிலிருந்து புறப்பட்டு வந்திருந்தோம். இக்ராம் அங்கே பஜாரில் வேன் வைத்திருப்பவன். வெளிநாட்டில் செத்தவர்களைக் கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து ஏற்றி வருவதென்றால் எங்கள் பக்கத்தில் அவனைத்தான் கூப்பிடுவார்கள். பின் சீட்டுகளைக் கழற்றி வைத்துவிட்டு வருவான், வழியில் பாட்டுப் போட மாட்டான். சுரேந்திரன் என் தங்கச்சி விஜயகலாவின் புருஷன், ரப்பர் வெட்டுகிறவன். நான் காத்தமுத்து, எங்கள் தோட்டத்து மரண உதவிச் சங்கத்தின் செயலாளர். தோட்டத்தில் யார் கண்ணை மூடினாலும் பந்தல், கொடி, குழி வெட்ட ஆள், வந்தவர்களுக்குத் தேத்தண்ணி எல்லாம் என் பொறுப்பு. நான் நின்று நடத்திய சாவில் ஒரு குறை சொல்லச் சொல்லுங்கள் பார்ப்போம் என்று சவால் விடுகிறவன். சொந்தத் தங்கச்சியின் சாவில் மட்டும் குறை வர விடுவேனா?

விஜயகலா அரபு நாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போய் மூன்று வருடம் ஆகிறது. நெஞ்சுவலி என்றார்கள். தூங்கப் போனவள் எழும்பவில்லை என்றார்கள். முப்பத்திரண்டு வயதுக்காரிக்கு என்ன நெஞ்சுவலி என்று அங்கே போய்க் கேட்க எங்களுக்கு யார் இருக்கிறார்கள்? இரண்டு வாரத்துக்கு மேல் இழுத்தடித்து, கடைசியில் பெட்டி வருகிறது என்று தகவல் வந்தது. முதல் நாள் கொழும்பில் ஒரு அரசாங்கக் கந்தோரில் புருஷன் வந்து கையெழுத்து வைக்க வேண்டும், மறுநாள் காலையில் விமான நிலையத்திலும் அவனே நிற்க வேண்டும் என்றார்கள். கந்தோர் வேலை மத்தியானத்துக்குப் பிறகு முடிந்தது. வீட்டுக்குப் போய்த் திரும்பி வருவதில் அர்த்தமில்லை. இரவு வேனிலேயே படுத்துக்கொள்வோம் என்றான் இக்ராம். நடுவில் ஒரு சாயந்தரம் முழுக்கச் சும்மா கிடந்தது.

சுரேந்திரன் ரயிலைத் தேடிப் போனதற்குக் காரணம் அவன் மகள் கேஷானி. ஒரே பிள்ளை, ஏழு வயது. அம்மா செத்தது அவளுக்கு இன்னும் தெரியாது.

தகவல் வந்த அன்றைக்கே சுரேந்திரன் நாங்கள் குடியிருக்கிற லயத்தில் ஒவ்வொரு காம்பரா வீடாகப் போய்க் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்தான். “என் பிள்ளைக்கு யாரும் சொல்லிராதீங்க. அவ அம்மா மொகத்த காட்டுறதுக்கு முந்தி, நானே மடியில வச்சிக்கிட்டு சொல்றேன்.” எங்கள் லயத்து வாய்களைப் பற்றி எனக்குத் தெரியும், ஒருவன் வீட்டில் கருவாடு பொரித்தால் ஏழாவது காம்பராவில் அது பேச்சாகிவிடும். அந்த வாய்கள் எல்லாம் இரண்டு வாரம் கட்டுப்பட்டு இருந்தன. அம்மாவின் போன் உடைந்துவிட்டது என்று பிள்ளைக்குச் சொல்லி வைத்தார்கள். புறப்படும்போது சுரேந்திரன் அவளிடம் சொன்னது, “அம்மாவ கூட்டிட்டு வர போறோம்” என்பதுதான். வேனில் ஏறியதும் கேட்டேன்.

“என்னா மாப்ள இப்படி சொல்லிட்டு வர்ற? நாளைக்கி பெட்டிய எறக்குறப்ப அந்த பிள்ள என்னா செய்யும்?”

“பொய் ஒன்னும் சொல்லலியே மச்சான். அவள கூட்டிட்டு வரத்தானே போறோம்.”

கோபம் உள்ளுக்குள் இருந்தது. பிள்ளைக்கு அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும், அழுது தீர்த்திருக்கும் என்பது என் கட்சி. என்னிடமும் சத்தியம் வாங்கியிருந்தான். தான் வந்து பிள்ளைக்குச் சொல்லும்வரை லயத்தில் வெள்ளைக் கொடி ஏறக் கூடாது, ஸ்பீக்கர் போடக் கூடாது என்று.

விஜயகலா கடைசியாக அனுப்பிய குரல் பதிவில், அம்மா வந்தவுடன் உன்னைக் கொழும்புக்குக் கூட்டிப் போய் ரயிலில் ஏற்றுவேன் என்று பிள்ளைக்குச் சொல்லியிருந்தாள். எங்கள் பக்கம் ரயில் இல்லை. அவிசாவளையோடு நின்றுவிடும். பிள்ளை ரயிலைப் படத்தில் பார்த்ததோடு சரி. இப்போது அப்பா கொழும்புக்குப் போகிறார் என்றதும், அங்கே ஓடுகிற ரயிலையெல்லாம் படம் எடுத்து அனுப்பச் சொன்னாள். அம்மாவும் அவளும் போகிற ரயிலை அவளே பார்த்துத் தேர்ந்தெடுப்பாளாம்.

அதைத்தான் இவன் பாலத்தில் நின்று செய்துகொண்டிருந்தான். வேலை விட்டுப் போகிற நேரம். வாசலில் தொங்கிக்கொண்டு, ஒருவன் முதுகை ஒருவன் பிடித்துக்கொண்டு சனம் போகிறது. மழை தூறிக்கொண்டிருந்தது. இவன் கம்பிக்கு நடுவே கையை நீட்டி எடுப்பான், சட்டை நுனியில் போனைத் துடைப்பான், அனுப்புவான், அது போய்ச் சேர்ந்ததா என்று பார்த்துக்கொண்டே நிற்பான்.

எங்கள் லயத்தில் சிக்னல் கிடையாது. பெக்டரி வளைவுக்கு இறங்கி வந்தால் கொஞ்சம் கிடைக்கும். சுரேந்திரனின் தங்கச்சி ஷாமிளா பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அங்கே வந்து நின்றிருக்கிறாள். பதில் குரலில்தான் வரும். கேஷானி சிங்கள ஸ்கூலில் படிக்கிறாள், தமிழில் பேச்சு உண்டு, எழுத்து இல்லை. நடந்து போகிற தூரத்தில் இருப்பது அந்த ஸ்கூல்தான்.

“அப்பா, இது வேணாம். ஆளுங்க தொங்குறாங்க. அம்மா விழுந்திருவாங்க.”

சுரேந்திரன் அதைக் கேட்டுவிட்டு, “சரி சாமி, வேற எடுத்து அனுப்புறேன்,” என்று பதில் சொன்னான். குரலில் ஒரு நடுக்கம் இல்லை. எப்படி முடிகிறது இவனால் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. இவன் அழுது நான் பார்க்கவே இல்லை. நான் சங்கத்துச் சாமான் அறையில் பந்தல் கம்புகளுக்கு நடுவே உட்கார்ந்து அழுதிருக்கிறேன். இவன் ஒரு சொட்டு விடவில்லை.

“போதும் மாப்ள, பாக்கிறவன் என்னா நெனப்பான்?” என்றேன்.

“இன்னும் நல்லதா ஒன்னு கெடைக்கல மச்சான்,” என்றான். “கோட்டை ஸ்டேஷனுக்கு போவோமா?”

நான் இக்ராமைப் பார்த்தேன், அவனாவது வேண்டாம் என்பான் என்று. அவன் சாவியை எடுத்துக்கொண்டு, “போவோம் அண்ணே, இங்க சும்மாதானே நிக்கிறோம்,” என்றுவிட்டான்.

கோட்டையில் வேனை நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தபோது எனக்குப் போன் வந்தது. உதயராஜ். சங்கத்தில் ஓடியாடி வேலை செய்கிற பையன், சந்தியில் கம்யூனிகேஷன் கடை வைத்திருக்கிறான். நான் இறங்கி ஒதுங்கி நின்று பேசினேன்.

“செயலாளர் அண்ணே, பெனர் பிரிண்ட் ஆகி வந்திரிச்சி. எப்ப கட்டுறது?”

எங்கள் வேலையின் லட்சணம் அப்படி. ரப்பர் மரத்தில் விடியுமுன் பால் வெட்டுவோம். வெட்டிவிட்டால் பால் வடிந்து வாளியில் சேரும்வரை மலையை விட்டு இறங்க முடியாது. அதனால் அடக்கம் என்றைக்கு, எத்தனை மணிக்கு என்பது முதல் நாள் பொழுது சாயுமுன் சந்தியில் தெரிந்தாக வேண்டும். தெரிந்தால் கத்தியை எடுக்க மாட்டார்கள். தெரியாவிட்டால் பாதிச் சனம் மலையில் நிற்கும், சவம் தூக்க ஆள் இருக்காது. இருபது வருடமாக ஒவ்வொரு சாவுக்கும் நான் இப்படித்தான் செய்து வருகிறேன். யோசிக்கவே வேண்டியதில்லை, வாய் தானாகச் சொல்லும்.

“இப்பவே கட்டு. விடிஞ்சி கட்டி என்னா பிரயோசனம்?”

“கேஷானி பாத்துட்டா?”

“அந்தி நேரத்துல பிள்ள என்னாத்துக்குடா சந்திக்கு வருது? கொடி வேணாம், ஸ்பீக்கர் வேணாம். அதுதான் அவன் சொன்னது. பெனர் வேணாம்னு சொல்லல. நல்லா உயரத்துல கட்டு. ஒரு பல்பும் போட்டு விடு.”

ஆமாம், அதையும் நான்தான் சொன்னேன். எங்கள் தோட்டத்தில் அதுவரை யாருக்கும் கட்டாத அளவில் பெரிய பெனர். வாசகம் முழுக்க நான் சொல்லச் சொல்ல உதயராஜ் எழுதியது. படத்தையும் நானே தேடிக் கொடுத்தேன், நீலச் சேலையில் அவள் சிரித்துக்கொண்டிருக்கிற படம். அவளுக்கு அங்கே ஒரு ஆள் வாய்விட்டு அழுதிருக்காது. இங்கேயாவது ஊரே பார்க்கட்டும் என்று நினைத்தேன்.

சுரேந்திரனிடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்பான், அதற்கு ஒரு சண்டை போட வேண்டும்.

நான் ஸ்டேஷனுக்குள் போனபோது ஒரு பாதுகாப்பு உத்தியோகத்தர் அவனை மறித்துக்கொண்டு நின்றார். “போட்டோ கன்ன பே மல்லி,” என்று கையை அசைத்தார். படம் எடுக்கக் கூடாதாம். யார், எங்கிருந்து, எதற்கு இத்தனை படம் என்று கேள்வி மேல் கேள்வி. அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தார். சுரேந்திரனுக்குச் சிங்களம் தண்ணி பட்ட பாடு, ஆனாலும் அவன் வாயடைத்துப்போய் நின்றான். எனக்கு வந்த கோபம் எல்லாம் அந்த மனுஷன் மேல் திரும்பியது. நடுவில் புகுந்தேன்.

“மகே நங்கி மெருணா,” என்றேன்.

என் தங்கச்சி செத்துவிட்டாள். தமிழில் அந்த வார்த்தையை நான் அதுவரை சொன்னதில்லை. தவறிட்டா, போயிட்டா என்றுதான் எல்லோரிடமும் சொல்லி வந்தேன். சிங்களத்தில் அது முழுசாக வெளியே வந்துவிட்டது. சொன்ன பிறகு நிறுத்த முடியவில்லை. நாளைக்குப் பெட்டி வருகிறது, இவன்தான் புருஷன், வீட்டில் பிள்ளைக்குத் தெரியாது, அது ரயில் படம் கேட்கிறது என்று ஸ்டேஷன் நடுவில் நின்று சொல்லிக்கொண்டே போனேன். போகிற வருகிற சனம் திரும்பிப் பார்த்தது.

அந்த ஆள் அட்டையைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு எங்களை மேடையின் கடைசிவரை கூட்டிக்கொண்டு போய், அங்கே நில்லுங்கள், மலைநாட்டு ரயில் வரும், சீக்கிரம் எடுத்துக்கொண்டு போய்விடுங்கள் என்று சொல்லி, எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார்.

ரயில் வந்தது, நீல நிறம், மழையில் கழுவி விட்டாற்போல இருந்தது. சுரேந்திரன் எடுத்தான். முதல் படம் மங்கிப் போயிற்று. இரண்டாவதை நான் எடுத்தேன், எப்படி என் கைக்கு அந்தப் போன் வந்தது என்று எனக்கே தெரியவில்லை.

“இது மாமா எடுத்தது,” என்று அவன் குரல் பதிந்து அனுப்பினான்.

“மாமாவுக்கு எடுக்கத் தெரியல, ரயிலுக்கு தலையே இல்ல,” என்று பதில் வந்தது. பின்னால் ஷாமிளா சிரிப்பதும் கேட்டது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்த இரண்டு வாரத்தில் முதல் தடவை.

“ஆனா கலர் லஸ்ஸனயி,” என்றாள் கேஷானி. அழகாக இருக்கிறதாம். “இன்னும் ஒன்னு பாக்கிறேன் அப்பா. அப்புறம் சொல்றேன்.”

அந்த இன்னும் ஒன்றுக்காகக் கடற்கரைப் பக்கம் போனோம். நான்தான் சொன்னேன், பம்பலப்பிட்டியில் ரயில் கடலை ஒட்டிப் போகும், அது பிள்ளைக்குப் பிடிக்கும் என்று. இக்ராம் போகிற வழியில் பணிஸ் வாங்கிக் கொடுத்தான். சுரேந்திரன் சாப்பிடவில்லை.

அங்கே மழை விட்டிருந்தது. பொழுது சாய்ந்து கடல் கறுத்துக்கொண்டு வந்தது. தண்டவாளத்துக்கு இந்தப் பக்கக் கல்லில் நானும் சுரேந்திரனும் உட்கார்ந்தோம். அப்போதுதான் அவன் வாயைத் திறந்தான்.

“மச்சான், எப்படி சொல்றதுனு எனக்கு தெரியல.”

“என்னாத்த?”

“பிள்ளைக்கு. என்னா வார்த்த சொல்லி ஆரம்பிக்கிறதுனு தெரியல. ராவு ராவா யோசிக்கிறேன். ஒவ்வொரு படம் அனுப்புறப்பவும், இன்னும் கொஞ்ச நேரம் இருக்குனு நெனச்சிக்கிறேன். இன்னிக்கி ஒரு பொழுதுதான் அவளுக்கு அம்மா இருக்கு.”

நான் அவன் தோளில் கை போட்டேன். கல்யாணமான நாளிலிருந்து அவனை ஒரு அப்பாவி, விவரமில்லாதவன் என்றுதான் நினைத்திருந்தேன். “நீ மடியில தூக்கி வச்சாலே போதும்யா. பிள்ளைக்கு வெளங்கும். நான் பக்கத்துல இருக்கேன்,” என்றேன். அந்த நிமிடம் பெனர் நினைவே எனக்கு இல்லை. உண்மையாகச் சொல்கிறேன், இல்லை.

ரயில் வந்தது. உள்ளே விளக்குப் போட்டிருந்தார்கள். அவ்வளவு நெரிசல் இல்லை. ஒரு பெண் சின்னப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு யன்னலோரம் இருந்தாள். பின்னால் கடல். படம் அருமையாக விழுந்தது. சுரேந்திரன் அதை அனுப்பிவிட்டுக் காத்திருந்தான். ஒற்றைச் சரி அடையாளத்தோடு அப்படியே நின்றது.

“வீட்டுக்கு போயிருப்பாங்க, இருட்டிரிச்சில்ல,” என்றேன்.

“இல்ல மச்சான், பாக்காம போக மாட்டா.”

இருந்தோம். இன்னும் இரண்டு ரயில் போயிற்று, அவன் எடுக்கவில்லை. இக்ராம் வேனிலிருந்து இறங்கி வந்து, சாப்பிட்டுவிட்டுக் கட்டுநாயக்கா பக்கம் போய்விடலாமா என்று கேட்டான். நாங்கள் எழும்பினோம். அப்போது அடையாளம் இரண்டாகி நீலமானது. பின்னாலேயே ஒரு குரலும் ஒரு படமும் வந்தன. சுரேந்திரன் முகம் மலர்ந்து குரலை அமத்தினான்.

“அப்பா, பெக்டரி வளைவுல படம் வரவே இல்ல. அத்தைய கெஞ்சி சந்திக்கு கூட்டிட்டு வந்தேன், இங்க டக்குனு கடல் ரயில் வந்திரிச்சி. எனக்கு இந்த ரயில்தான் ஹரி, இதேதான் வேணும். அம்மாவும் நானும் இதுலதான் போவோம். அப்பா, இங்க சந்தியில நம்ம அம்மாவ பெருசா படம் போட்டு கட்டியிருக்காங்க. பல்பு எல்லாம் போட்டு. நாளைக்கி அம்மா வர்றதுக்கா? தமிழ்ல என்னமோ எழுதியிருக்கு, எனக்கு வாசிக்க தெரியல. அத்தைட்ட கேட்டா அழுவுறாங்க. ஒன்னுமே சொல்ல மாட்டேங்கிறாங்க. நானே போட்டோ எடுத்து அனுப்பியிருக்கேன். நீங்க வாசிச்சு சொல்லுங்க அப்பா.”

சுரேந்திரன் படத்தைத் திறந்தான். பிள்ளை நல்லாத்தான் எடுத்திருந்தாள். என் படத்தைப் போலத் தலை வெட்டுப்படவில்லை. நீலச் சேலையில் விஜயகலா சிரிக்கிறாள். மேலே கறுப்பில் கொட்டை எழுத்து, கண்ணீர் அஞ்சலி. கீழே, சுரேந்திரனின் அன்பு மனைவியும் கேஷானியின் பாசமிகு தாயாருமான. அதற்குக் கீழே அடக்க நேரம். கடைசியில் சங்கத்தின் பெயர், செயலாளர் காத்தமுத்து.

அவன் அதை மேலிருந்து கீழ்வரை வாசித்தான். இக்ராம் எட்டிப் பார்த்துவிட்டு இரண்டடி விலகிப் போய் நின்றான்.

“நீங்க கட்ட சொன்னதா மச்சான்?”

தலையை ஆட்டினேன். விடிந்தால் மலைக்குப் போய்விடுவார்கள், அதனால்தான் என்று தொடங்கினேன். என் காதுக்கே அது கேவலமாகக் கேட்டது, நிறுத்திவிட்டேன். அவன் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். செருப்பைக் கழற்றி அடித்திருந்தாலும் வாங்கியிருப்பேன். அவன் போனை என் கையில் வைத்து, என் விரல்களை அதன் மேல் மடக்கி விட்டான்.

“நீங்க எழுதினதுதானே. நீங்களே வாசிச்சு சொல்லுங்க.”

“மாப்ள, நீ மடியில வச்சி சொல்லணும்னு...”

“எந்த மடியில மச்சான்?”

அப்படியே தண்டவாளத்தோரக் கல்லில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டான். அழுதான். அழாதவன் அழுதால் அது ஒரு மாதிரி மாட்டுச் சத்தம், கேட்க முடியவில்லை. இப்போதே புறப்பட்டாலும் வீடு போய்ச் சேர இரண்டு மணி நேரம் ஆகும். விடியும்போது பெட்டிக்குக் கையெழுத்து வைக்க அவன் விமான நிலையத்தில் நிற்க வேண்டும். அங்கே சந்தியில், பல்பு வெளிச்சத்தில், பிள்ளை போனைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. பஸ்ஸிலிருந்து இறங்குகிற எவனாவது ஒருவன் பெனரைச் சத்தமாக வாசித்தால் போதும்.

எத்தனை சாவுக்கு ஸ்பீக்கரில் வாசித்தவன் நான். என் குரலைக் கேட்டால் பக்கத்துத் தோட்டத்திலும் வேலையை விட்டு எழும்புவார்கள். குரல் பதிகிற இடத்தை அமத்திப் பிடித்துக்கொண்டு, “கேஷானி, மாமா பேசுறேன்,” என்றேன். அதற்கு மேல் வரவில்லை. விரல் நழுவிவிட்டது. அந்த மூன்று வார்த்தையும் அப்படியே போய்விட்டன.

அவள் உடனே கேட்டுவிட்டாள். பதிலும் உடனே வந்தது.

“சொல்லுங்க மாமா,” என்றாள். “மேலருந்து வாசிங்க.”